வோல்கோவ் நதிக்கரையில் மூவர்

தனியே பயணஞ் செல்வோரைச் சுற்றத்தை வெறுத்தவர் என்றோ, பணமிகுதியால் ஊர் சுற்றுவோர் என்றோ கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் கூட்டமாய்ச் செல்பவர் தம் ஊரையும் உடன்கொண்டே செல்கின்றனர். பழகிய பேச்சும் உணவும் அவர்களைச் சுற்றி வேலியாய் நிற்கின்றன. தனியே செல்பவர் வழி கேட்பதற்கும் அந்நியரின் முகத்தையே நோக்கவேண்டும். 2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிட்டு ருஷ்யாவுக்குத் தனியராய்ச் சென்ற நாம், வெலிக்கி நொவ்கொரோட் என்னும் பழம்பெரும் நகரிலே இதனை அனுபவித்தறிந்தோம்.

சென் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து புகையிரதத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் இந்நகரை அடையலாம். வோல்கோவ் நதி நகரை இரு கூறாக்குகின்றது. மேற்குக் கரையிலே செங்கற் கோட்டை. அதனுள்ளே 1045 இல் கட்டத் தொடங்கிய சோபியா தேவாலயம். கிழக்குக் கரையிலே பண்டைய வணிகர் பகுதி. மத்திய காலத்தில் இந்நகரத்தார் மணியோசை கேட்டுத் திரண்டு, 'வேச்சே' என்னும் பேரவையிலே பொது விவகாரங்களைத் தீர்மானித்தனர். வேண்டாத இளவரசரை வெளியேற்றவும் செய்தனர். அப்பேரவையிலும் பெருநிலக்கிழாரின் கையே ஓங்கியிருந்தது என்பதை மறத்தலாகாது. 1478 இல் மொஸ்கோவின் மூன்றாம் இவான் நகரை அடிபணிய வைத்து, அந்த மணியையும் இறக்கிக்கொண்டு போனான்.

மணி போயிற்று, மக்களின் குரல் மண்ணுக்குள் எஞ்சியிருந்தது. 1951 ஜூலையில், ஆர்த்தெமி ஆர்த்சிகோவ்ஸ்கியின் தலைமையில் நடைபெற்ற அகழ்வின்போது, பூர்ச்ச மரப்பட்டையிற் கீறி எழுதப்பட்ட கடிதம் ஒன்று முதன்முதலாகக் கிடைத்தது. ஈரமும் காற்றுப் புகாமையுமே அதனைக் காத்திருந்தன. அன்று தொட்டு 1,100 இற்கும் மேற்பட்டவை அங்கு கிடைத்துள்ளன. மன்னரின் மெய்க்கீர்த்திகளல்ல இவை. கடன் கேட்டவர், கடனைத் திருப்பித் தராதவர், மணம் பேசியவர், வீட்டுச் செலவைக் கணக்கிட்ட பெண்கள், காரியஸ்தனின் கொடுமையை நிலவுடைமையாளரிடம் முறையிட்ட குடியானவர் ஆகியோர் எழுதியவை. எழுத்தறிவு மதகுருமாருக்கும் பிரபுக்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது என்ற எண்ணத்தை இம்மரப்பட்டைகள் தகர்த்துவிட்டன.

கோட்டைக்குள் இருக்கும் நூதனசாலையில் ஒன்பீம் என்னும் சிறுவனின் சித்திரப் பிரதிகளை நோக்கி நின்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பிள்ளைக்கு ஆறேழு வயதிருக்கலாம் என்பர். நாம் க, கா, கி, கீ என்று எழுதிப் பழகியதுபோல அவனும் தன் மொழியின் அசைகளை வரிசையாய் எழுதுகின்றான். பாதியிற் சலித்துப் படம் வரைகின்றான். ஒரு பட்டையிலே விசித்திர விலங்கொன்றை வரைந்து, தானொரு காட்டு விலங்கு என்று அருகே எழுதியிருக்கின்றான். இன்னொன்றிலே குதிரையேறி எதிரியை ஈட்டியாற் குத்தும் வீரன். அவ்வீரனுக்குத் தன் பெயரையே இட்டிருக்கின்றான். அவன் வரைந்த மனிதரின் கைகளில் விரல்கள் மூன்றாயும் இருக்கும், கூடுதலாயும் இருக்கும்.

அவ்விரல்களை உரக்க எண்ணிச் சிரித்தார் பக்கத்தில் நின்ற முதிய அம்மையார் ஒருவர். மறுபக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவரும் சிரித்தார். எமக்கும் சிரிப்பு வந்தது. மூவரும் தனித்தனியே வந்தவர்கள். அம்மையார் இவானோவோ நகரில் நெசவாலைத் தொழிலாளியாயிருந்து ஓய்வு பெற்றவர். ருஷ்ய மொழியன்றி வேறறியார். இளைஞர் ஸ்பானியாவைச் சேர்ந்தவர்; ருஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவராகையால் எமக்கு மொழிபெயர்ப்பாளரானார்.

வெளியே வந்து நதிக்கரை வாங்கொன்றில் அமர்ந்தோம். அம்மையார் தம் பையிலிருந்த ரொட்டியையும் வெள்ளரிக்காயையும் மூன்று பங்காக்கினார். சோவியத் காலத்திலே தொழிற்சங்கச் சீட்டுப் பெற்று, ஆலைத் தோழியருடன் கூட்டமாகவே சுற்றுலா சென்றதாகவும், ஆலை மூடப்பட்டபின் அத்தோழியர் சிதறிப் போனதாகவும், இப்போது ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்து ஆண்டுக்கு ஒரு நகரைத் தனியே காண்பதாகவும் கூறினார். "உங்கள் நாட்டார் எதில் எழுதினார்கள்?" என்று எம்மை வினவினார். பனையோலையையும் எழுத்தாணியையும் பற்றிச் சொன்னோம். நொவ்கொரோட் மக்களும் மையின்றி, எலும்பாலோ உலோகத்தாலோ செய்த எழுத்தாணியாற் கீறியே எழுதினர். கீறிய ஓலைக்கு நாம் கரி பூசுவோம், அவர்கள் பட்டைக்கு எதுவும் பூசவில்லை. அவ்வேடுகள் எங்கே என்று கேட்டார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின என்றோம். இளைஞர் அதனை மொழிபெயர்த்ததும் அம்மையார் சற்று நேரம் பேசவில்லை.

இந்நகரும் எரிந்த நகரே. 1941 ஓகஸ்டில் நாஸிப் படைகளின் கையில் வீழ்ந்து, 1944 ஜனவரி 20 இல் விடுதலை பெற்றபோது, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் ஏறத்தாழ நாற்பதே எஞ்சி நின்றன. பிராங்கோ அனுப்பிய ஸ்பானிய நீலப் படைப்பிரிவும் இம்முனையிலே போரிட்டது. சோபியா தேவாலயத்தின் நடுக்கோபுரச் சிலுவை அக்காலத்தில் ஸ்பானியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 2004 இலேதான் மீளக் கையளிக்கப்பட்டது.

இதைச் சொன்னவர் அந்த இளைஞரே. தம் பாட்டனாரின் தமையன் அப்படையில் வந்து மீளாதவர் என்றும், அவர் கிடந்த மண்ணைக் காணவே தாம் தனியே வந்ததாகவும் தயக்கத்துடன் கூறினார். அம்மையாரின் முகத்தை அவரும் நோக்கினார், நாமும் நோக்கினோம். அவருடைய தந்தையார் அதே போரில் மடிந்தவர் என்பதைச் சற்று முன்னரே அறிந்திருந்தோம். அவர் கேட்டது இதுதான்: "அவர் வீட்டுக்குக் கடிதம் எழுதினாரா, மகனே?" மூன்று கடிதங்கள் வீட்டில் இருக்கின்றன என்றார் இளைஞர். உறையின்றி முக்கோணமாய் மடித்து அனுப்பப்பட்ட தந்தையாரின் கடிதங்களைத் தம் தாயார் இறக்கும்வரை பேணி வைத்திருந்ததை அம்மையார் சொன்னார். கடிதம் எழுதியவரையும் அவரைக் கொல்ல அனுப்பியவரையும் வேறாகக் காணும் பக்குவத்தை, வாழ்நாள் முழுதும் தறியடியில் நின்ற அப்பெண்மணி எந்த நூலிலிருந்தும் பெற்றிருக்கவில்லை.

அப்படையெடுப்பின் குற்றத்தை அக்கேள்வி மறைத்துவிடவில்லை. படையெடுத்தவர் படையெடுத்தவரே. 2022 பெப்ரவரியில் ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குட் புகுந்தபோதும் எமது நிலைப்பாடு அதுவே. எரிந்த நகர்களின் துயரை நன்கறிந்த ஒரு நாட்டின் ஆட்சியாளர் பிறர் நகர்களை எரிப்பதற்கு நியாயம் எதுவுமில்லை. அவ்வாண்டிலேயே ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் ருஷ்யாவுக்குமிடையே நேரடி விமான சேவைகள் நின்றுபோயின. பாதைகள் அடைபடும்போது ஆட்சியாளர் சந்திப்பது நிற்பதில்லை. சாதாரண மக்கள் ஒரு வாங்கில் அமர்ந்து ரொட்டியைப் பகிர்வதே நின்றுபோகின்றது. போரை வெறுக்கும் மக்களுக்குப் போர் இழைக்கும் தீங்குகளில் இதுவும் ஒன்றாகும்.

ஒன்பீமின் படங்களை எமது ஆறாம் வகுப்பு மாணவருக்குக் காட்டுவதுண்டு. விரல்களை எண்ணி அவர்களும் சிரிக்கின்றனர். அசை வரிசையைக் கண்டு தம் முதற் கொப்பியை நினைவுகூர்கின்றனர். எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியும் கடல் கடந்த தூரமும் ஒரு பாடவேளைக்குள் மறைகின்றன. குதிரைவீரன் படத்தைப் பார்த்த மாணவி ஒருத்தி, "பெரியவனான பிறகு இவனைச் சண்டைக்கு அனுப்பினார்களா?" என்று கேட்டாள். வரலாறு அவனைப் பற்றி வேறெதையும் கூறவில்லை. ஆனால் இன்று எழுதப் பழகும் பிள்ளைகளைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விடை கூறவேண்டியவர் வரலாற்றாசிரியரல்லர், நாமே.