கசடு மண்ணுக்குப் போகும் வழி

கங்கைகொண்டான் சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு வகைக் கசடு பழக்கம். கேன்டீன், கழிப்பறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும்போது தங்குவது ஒன்று. உற்பத்திப் பிரிவின் தண்ணீரில் ரசாயனம் போட்டுப் பிரித்தெடுப்பது இன்னொன்று. காய்ந்துவிட்டால் இரண்டுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, ரெண்டும் கறுப்புதானே? ஒரே பாத்தியில ஊத்திட்டா சோலி முடிஞ்சிருமே?"

கூடவே கூடாது. முதலாவதைப் பக்குவப்படுத்தினால் மண்ணுக்கு உரமாகும். இரண்டாவது பெரும்பாலும் அபாயகரக் கழிவு. அதை அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒன்றாக ஊற்றினால் நல்லதும் கெட்டுப்போகும், பிறகு பிரிக்க வழியில்லை. இந்தத் தொழிலின் முதல் பாடம் இதுதான்.

கழிப்பறைத் தண்ணீரில் கிடைக்கும் கசடு, பெரும்பகுதி நுண்ணுயிர்களின் திரள். தொட்டியில் காற்றை ஊதி அவற்றை வளர்க்கிறோம். அவை அழுக்கைத் தின்று பெருகுகின்றன. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் வெளியிட்ட முறை இது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். கழிவிலுள்ள நைட்ரஜனை வயலுக்குத் திருப்புவது எப்படி என்பதில் அவருக்கு ஆழ்ந்த அக்கறை இருந்தது.

தொட்டியின் நிலையை அறிய ஒரு லிட்டர் அளவுக் குடுவை போதும். தண்ணீரை மொண்டு அரைமணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். பழுப்பு நிறக் கசடு திரண்டு கீழே இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் எல்லாம் நலம். இறங்காமல் உப்பி நின்றால் எங்கோ கோளாறு. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. நல்ல கசட்டில் மழை பெய்த மண்ணின் வாசம் இருக்கும்.

அடுத்த போராட்டம் தண்ணீரோடு. வெளியே எடுக்கும் கசட்டில் நூற்றுக்கு 98 பங்கு தண்ணீர்தான். அதை 96 ஆக்கினாலே மொத்தக் கொள்ளளவு பாதியாகிவிடும். சல்லி பரப்பி, மேலே மணல் போட்ட பாத்தியில் ஓர் அடிக்கு மேற்படாமல் ஊற்றுகிறோம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று எங்களுக்குப் பெரிய உதவி. ஐப்பசி, கார்த்திகையில் கூரை இல்லாத பாத்தியை நம்ப முடியாது. விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, ஓரங்கள் மேலே சுருண்ட பிறகுதான் மண்வெட்டி வைக்க வேண்டும். வில்லையாகப் பெயர்ந்து வந்தால் பதம். அடிமணலை அள்ளிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்ததெல்லாம் உரமாகிவிடாது. குடற்புழு முட்டைகள் வெயிலையும் தாங்கிக் கிடக்கும். காய்ந்த இலையையும் தென்னை நார்க்கழிவையும் கலந்து நீளக் குவியலாகப் போட்டால் உள்ளே சூடு ஏறும். 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டல் என்பது அமெரிக்கா 1993இல் வகுத்த விதி. குவியலின் வெளிப்புறம் உள்ளே போக வேண்டும் என்பதற்காகவே புரட்டுகிறோம். ஒரு கிராம் காய்ந்த பொருளில் ஒரு முட்டைக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

கிருமி சூட்டில் சாகும், உலோகம் சாகாது. குரோமியம், நிக்கல், காட்மியம், ஈயம் எல்லாம் உரத்திலும் அப்படியே இருக்கும். நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகர்ப்புறக் கம்போஸ்ட் ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் கசட்டை 'மில்லோர்கனைட்' என்ற பெயரில் உரமாக விற்று வருகிறது. அதே நாட்டின் மெய்ன் மாநிலம், அழியாத பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்கள் வயல்களில் சேர்ந்ததைக் கண்டு, 2022இல் கசட்டை நிலத்தில் இடுவதையே தடை செய்தது. சாக்கடையில் எது இறங்கியதோ அதுதான் கடைசியில் வயலுக்கு வருகிறது.

நெல்லைக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ராமையன்பட்டியில் மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் செப்டிக் டேங்க் லாரிதான் வழி. அந்த லாரி ஓடையில் திறந்துவிட்டால் அது சிற்றாற்றுக்கோ தாமிரபரணிக்கோ போய்ச் சேரும். இரண்டும் சீவலப்பேரியில் ஒன்றாகின்றன, கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன. கர்நாடகத்தின் தேவனஹள்ளி 2015 முதல் செப்டிக் டேங்க் கசட்டைத் தனி நிலையத்தில் பக்குவப்படுத்துகிறது. நம் மாநிலத்திலும் கருங்குழியில் அப்படியொரு நிலையம் நடக்கிறது. கார், பிசான நெல் பருவங்களுக்கு நாம் போடும் பாஸ்பரஸ் உரத்தின் மூலப்பொருள் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. உள்ளூர்க் கசட்டிலேயே இருக்கும் பாஸ்பரஸை ஆற்றில் கொட்டுவது இரட்டை நஷ்டம்.

ஆகவே ஒர்க்‌ஷாப், முலாம் பூசும் பட்டறை, சாயம் போடும் இடம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: எண்ணெயையும் ஆசிட்டையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உள்ளாட்சிகள் ஒவ்வொரு லோடு உரத்தோடும் ஆய்வக அறிக்கையைக் கொடுக்க வேண்டும். விவசாயிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை இருந்தாலும் பச்சையாகத் தின்னும் கீரை, காய்க்கு வேண்டாம், மரப்பயிருக்கு இடுங்கள். அறிக்கை இல்லாத உரத்தை வயலில் இறக்கவே விடாதீர்கள்.