ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும் மைதானம்

காலை எட்டரை ஆகியும் செயின்ட் ஆண்ட்ரூஸில் முழுதாக விடியவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், 56 பாகை வடக்கே, ஜனவரித் தொடக்கத்தில் பகல் ஏழு மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ஓல்ட் கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் பணியாளர் ஒருவர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். புல் முழுக்க உறைபனி. உறைந்த புல்லை மிதித்தால் உள்ளே செல்கள் உடைந்துவிடும். பிறகு மிதித்த தடம் மட்டும் கருகித் தெரியும் என்றார். பனி விலகும்வரை எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த மண்ணில் அறுநூறு ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்கிறார்கள். 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் இங்கே முயல் வளர்க்க உரிமை பெற்றபோது, ஊரார் ஆடும் உரிமையும் அதே சாசனத்தில் உறுதியானது. இன்றும் இது தனியார் சொத்து அல்ல. முதல் ஃபேர்வேயையும் (பந்தடிக்கும் புல்பாதை) பதினெட்டாவதையும் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு பொதுச்சாலை கடற்கரைக்குப் போகிறது. இவ்வளவு கால்கள் மிதித்தும் புல் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

விடை குளிர்காலத்தில் கிடைக்கிறது. வெப்பநிலை ஆறு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் புல் வளர்வதே இல்லை. அப்போது மட்டை பட்டுப் புல் பெயர்ந்த இடம் வசந்தம்வரை ஆறாது. அதனால் இந்த மாதங்களில் ஃபேர்வேயில் சிறு செயற்கைப் பாயை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது பங்கர் எனும் மணற்குழிகளைக் கட்டும் வேலை. இங்கே அவை நூற்றுக்கும் மேல். அவற்றின் செங்குத்தான சுவர்களைப் புல்லாலேயே கட்டுகிறார்கள். மண்ணோடு பெயர்த்த புல் பத்தைகளைச் செங்கல் போல வரிவரியாக அடுக்கி, ஒவ்வொரு வரியையும் சற்றே பின்தள்ளி, பின்புறம் மண்ணிட்டுக் கெட்டிக்கிறார்கள். வெயிலும் காற்றும் உலர்த்தி, சில ஆண்டுகளில் சுவர் சரிந்துவிடும். தெற்கு பார்த்த சுவர் முதலில் போகும். ஆகவே ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பங்கைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். குனிந்த முதுகு நிமிராமல், விரலால் தடவி மட்டம் பார்த்து வைக்கிறார்கள். அழியப்போவது தெரிந்தே இத்தனை நேர்த்தி! சாம்பியன்களின் பெயரை உலகம் அறியும். இந்தக் கைகளையும் அறிய வேண்டும்.

பெயர் நிலைத்த பராமரிப்பாளர் ஒருவர் உண்டு: ஓல்ட் டாம் மாரிஸ். 1865 முதல் 1903 வரை இந்தப் புல்லைக் காத்தவர். அவருடைய மருந்து மணல். பந்தைக் குழியில் தள்ளும் கிரீன்களில் மணல் தூவித் தேய்த்தால் மேடுபள்ளம் நிரவும், நீர் வடியும், மெலிந்த ஃபெஸ்க்யூ புல் செழிக்கும். அந்தப் புல்லுக்கு உரம் அதிகம் போட்டால் வேறு புற்கள் வந்து அதை விழுங்கிவிடும் என்பதால் கொஞ்சம் பட்டினி போட்டே வளர்க்கிறார்கள். நம் அருகம்புல்லின் இனம்தான் வெப்பநாட்டு மைதானங்களில் பெர்முடா என்ற பெயரில் ஆள்கிறது; இந்தக் குளிரில் அது காய்ந்து கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு டாம் இடம் தரவே இல்லை. பெரிய போட்டிகள் நீங்கலாக இன்றும் அப்படியே. நான் அங்கிருந்த ஞாயிறு நாய்களும் குழந்தைகளும் ஃபேர்வேயில் ஓட, நானும் நடந்தேன். முற்காலத்தில் ஒரு வாரம் வலஞ்சுழியாகவும் மறுவாரம் இடஞ்சுழியாகவும் ஆடுவார்களாம், ஒரே இடம் தேயாதிருக்க. என்ன அருமையான யோசனை!

மைதானத்துக்கு அப்பால் மணல்மேடுகள், அப்புறம் வட கடல். புயல் அரித்த மேடுகளில் மாரம் புல்லை நட்டுக் கரையைக் கட்டிக் காக்கிறார்கள். மணல் மூட மூட அது மேலே வளர்ந்து, வேரால் மேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிடி தளர்ந்தால் உள்ளே வளர்க்கும் எந்தப் புல்லுக்கும் இடமிருக்காது.