விடுப்புக் கடிதத்தில் நான் எழுதிய பொய்

ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் என் மகள் எடுத்த விடுப்புகளில் பெரும்பாலானவை அவள் கேட்டு எடுத்தவை அல்ல; நான் எடுக்க வைத்தவை. கடிதத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பல நாள் அவளுக்குக் காய்ச்சலே இல்லை. நாங்கள் இருக்கிற குத்தம்பாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் என்னைப் போல ஷிப்ட் வேலைக்குப் போகிற அப்பாக்கள் நிறையப் பேர். அவர்களில் யாராவது இதே தப்பைச் செய்துகொண்டிருந்தால் நிறுத்தட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். என் மனைவி விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். மகளைக் குளிக்கவைத்து, தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. காலைச் சாப்பாட்டைக்கூடப் பள்ளியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவு சின்ன வேலைதான் எனக்கு மிச்சம். ஆனால் ராத்திரி முழுக்க விழித்த கண் எரியும். “இன்னிக்கு ஒருநாள் வீட்ல இரு பாப்பா” என்று அவள் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

முகூர்த்தம், வளைகாப்பு, குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று வேறு காரணங்களும் வரும். வெள்ளிக்கிழமையையும் சேர்த்து லீவு போட்டால் பஸ்ஸில் கூட்டமில்லாமல் ஊருக்குப் போகலாம். “அவளுக்குப் பள்ளிக்கூடம்னா உசுருங்க, அனுப்புங்க” என்று மனைவி சொல்வார். “ஒண்ணாங்கிளாஸ்தானே, அப்படி என்ன பாடம் போயிடப் போவுது?” என்று நான் அடக்கிவிடுவேன்.

என்ன போனது என்பதை மூன்றாம் வகுப்புத் தொடக்கத்தில், அவளுடைய கணக்கு நோட்டில் பார்த்தேன். 42-இல் 17 கழித்தால் 35 என்று எழுதியிருந்தாள். எப்படிம்மா என்று கேட்டதற்கு, “ரெண்டுல ஏழு போகாதுப்பா. அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்” என்றாள். கீழே இருந்த கணக்குகளிலும் அதே முறைதான். கடன் வாங்கிக் கழித்தல் என்ற ஒன்று அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் டீச்சரிடம் போனேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். முதல் நாள் பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி வைத்து, ஒரு கட்டைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்த்துக் காட்டுவார்களாம். இரண்டாம் நாள் அதையே போர்டில் எழுதிக் காட்டுவார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகளே போடுவார்கள். “பாப்பா மூணாவது நாள்தான் வந்தா சார். எல்லாரும் போடுறதைப் பார்த்து அவளும் ஏதோ போட்டுட்டா. தெரியலைன்னு சொல்லக் கூச்சம்.” அந்த வாரம் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கல்யாணம் ஒருநாள்தான். கூட ஒருநாள் தங்கலாம் என்று சொன்னவன் நான்.

அதைவிட என்னைக் குத்தியது வேறொன்று. இன்னொரு நாள், “நேத்து ஏன் வரல?” என்று டீச்சர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், “காய்ச்சல் மிஸ்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை அது. அந்தப் பாடத்தை மட்டும் நான் ஒருநாள் தவறாமல் நடத்தியிருக்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள் வேண்டும் என்கிறது. மாதம் இரண்டு நாள் போகட்டும் என்று விட்டால் பத்து மாதத்தில் 20 நாள், அதாவது பத்தில் ஒரு பங்கு. இது போக ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் கலெக்டர் விடுகிற விடுமுறை வேறு. அமெரிக்காவில் பத்தில் ஒரு பங்கு நாள் வராத பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டிய பிள்ளையாகக் கணக்கெடுக்கிறார்கள். ஹெடி சாங் என்பவர் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து அங்கே 2008-இல் வெளியிட்ட அறிக்கை, மழலையர் வகுப்பில் அப்படி நின்ற பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் பின்தங்கியதைக் காட்டியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தொடர்ந்தது. விட்டதை வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான் சேதம் அதிகம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பகலில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன், சாயங்காலம் கிளம்பிவிடுவேன்.

பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பசி ஒரு காரணமாக இருந்தது. அதை அடைக்க இந்த மாநிலம் நூறாண்டாகப் பாடுபட்டிருக்கிறது. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய உணவு, 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று வளர்ந்தது. இந்தக் குத்தம்பாக்கமும் படிப்பின் அருமையை நேரில் பார்த்த ஊர். வேதிப்பொறியியல் படித்த இளங்கோ என்பவர், ஆய்வுக்கூட வேலையை விட்டு வந்து 1996-இல் ஊராட்சித் தலைவரானார். தலித் குடும்பமும் மற்ற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சமத்துவபுரத்து இரட்டை வீடுகள் அவர் காலத்தில்தான் வந்தன. இவ்வளவும் நடந்த ஊரில், பசியும் இல்லாமல் தூரமும் இல்லாமல் ஒரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தாள் என்றால், அவளுக்கு இருந்த ஒரே தடை நான்தான்.

ஆறு வயதுப் பிள்ளை தானாக மட்டம் போடுவதில்லை. பெரியவர்கள் சொல்கிறோம், அது கேட்கிறது. பதிவேட்டில் ஆப்சென்ட் அவள் பெயருக்கு நேரே விழுகிறது. முடிவெடுத்தவன் பெயர் எங்கும் இல்லை.

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். மகளிடமும், “அது காய்ச்சல் இல்ல பாப்பா, அப்பா சொன்ன பொய்” என்று சொன்னேன். நைட் ஷிப்ட் வாரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைகளோடு இவளையும் அழைத்துப் போகிறார். என் பகல் ஷிப்ட் வாரங்களில் சாயங்காலம் அவர் பிள்ளைகளையும் நான் அழைத்து வருகிறேன். கேட்டிருந்தால் முன்பே செய்திருப்பார். நான் கேட்கவில்லை. கடன் வாங்கிக் கழித்தல் இப்போது அவளுக்கு வருகிறது. ஆனால் அதற்குள் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லப் பழகிவிட்டாள். அதை மாற்ற இன்னும் நாளாகும்.

உடம்பு சரியில்லாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் லீவு போடச் சொல்லும் முன், இந்த லீவு யாருக்காக என்று ஒருமுறை உங்களையே கேளுங்கள். ‘எனக்காக’ என்று பதில் வந்தால், பிள்ளையை அனுப்பிவிடுங்கள்.