பூச்சிய வழு

பௌதிகவியல் ஆய்வுகூடத்தினுள் முதன்முதலாகக் காலடி வைக்கும் மாணவனின் கையில் வேணியர் இடுக்கிமானியைக் கொடுத்ததும் சொல்லப்படும் பாடம், அதன் பூச்சிய வழுவைப் பார்த்துக்கொள் என்பதாகும். தாடைகள் இரண்டும் முற்றாக மூடிய பின்னரும் அளவிடை பூச்சியத்தைக் காட்டாவிடின், அந்த வேறுபாட்டைக் குறித்துவைத்து, எடுக்கும் அளவீடு ஒவ்வொன்றிலும் திருத்தம் செய்தல் வேண்டும். நம்மிற் பெரும்பாலோர் பரீட்சை முடிந்ததும் இதனை மறந்துவிடுகிறோம். இப்பாடத்தின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது ஆய்வுகூடத்தில் அன்று. வாயுத் துப்பாக்கி சுடும் கழகமொன்றிலேயாம்.

மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில், உடன் பயின்ற நண்பரொருவர் என்னை அக்கழகத்துக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16 யூல் ஆற்றலுக்கு மேற்படாத வாயு ரைபிளை வயதுவந்தோர் அனுமதிப்பத்திரமின்றி வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. அவர்களுக்கு அது வார இறுதி விளையாட்டு. வடக்கிலே போர்க்காலத்திற் பிறந்து வளர்ந்த எனக்கோ துப்பாக்கி என்பது விளையாட்டுச் சொல் அன்று. ஆதலால் சுடுவதை விட, சுடுபவர்களைப் பார்த்திருப்பதிலேயே என் பொழுது கழிந்தது.

நண்பர் புதிதாக வாங்கிய ரைபிளில் குறிபார்க்கும் தொலைகாட்டி ஒன்றைப் பூட்டியிருந்தார். இருபத்தைந்து மீற்றர் தூரத்திலுள்ள அட்டையைக் குறிவைத்து ஒரு ரவையைச் சுடுவார். அது இடப்புறம் தாழ்ந்து விழும். உடனே குமிழ்களை வலப்புறமும் மேலும் நகர்த்துவார். அடுத்தது வலப்புறம் விழும், மறுபடியும் திருகுவார். அரை மணி நேரத்தில் அட்டை முழுவதும் துளைகள். நடுப்புள்ளி மட்டும் பழுதின்றி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். தொழிற்சாலைக் கருவிகள் செய்து ஓய்வுபெற்றவர் அவர். “குமிழைத் தொடாதே, ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து முறை சுடு” என்றார்.

அந்த ஐந்து துளைகளிலேதான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. ஐந்தும் ஓரிடத்தில் நெருங்கி விழுந்து, அவ்விடம் மட்டும் இலக்கிலிருந்து விலகியிருப்பின் அது பூச்சிய வழு. அதற்கே குமிழ் உரியது. பெரும்பாலான தொலைகாட்டிகளில் குமிழின் ஒரு சொடுக்கு ஒரு பாகைக் கலையின் காற்பங்கு. இருபத்தைந்து மீற்றரில் அது 1.8 மில்லிமீற்றர். விலகல் ஐந்து சென்ரிமீற்றராயின் இருபத்தேழு சொடுக்குகள். எளிய கணக்கு. ஆனால் ஐந்தும் ஐந்து திசையிற் சிதறினால் அது எழுமாற்று வழு. எத்தனை முறை திருகினாலும் தீராது. சிதறலை விலகலென மயங்கித் திருகுபவன், ஒவ்வொரு திருத்தத்தாலும் புதிய வழுவொன்றைச் சேர்க்கிறான்.

நண்பரின் ஐந்து துளைகளும் சிதறியே விழுந்தன. முதியவர் காரணங்களை வரிசையாகத் தேடினார். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றினார். முதலில் மரப்பிடியின் திருகாணிகள். பின்னர் தொலைகாட்டியைப் பற்றும் வளையங்கள். ஒரு வளையம் தளர்ந்திருந்தது. சுருள்வில் விசையால் இயங்கும் ரைபிளில் இது வியப்பன்று. ஆடுதண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். ஆடுதண்டு குழாயின் முனையை அடைந்ததும் முன்னோக்கி அதிரும். வெடிமருந்துத் துப்பாக்கியின் ஒருதிசை உதைப்பை மட்டும் கருதிச் செய்த தொலைகாட்டிகள் இவ்விரட்டை அதிர்ச்சியில் உள்ளேயே குலைந்துபோவதுமுண்டு. ரவை குழலை விட்டு நீங்குமுன்னரே துப்பாக்கி அசையத் தொடங்குவதால், இறுகப் பிடித்தாலும் பிடி சற்று மாறினாலும் துளை இடம் மாறும்.

வளையத்தை இறுக்கியதும் சிதறல் குறைந்தது, ஆனால் தீரவில்லை. மடித்து ரவை இடும் வகை ரைபிள்களிற் சிலவற்றின் குழல் சிறிது கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனை ஈடுசெய்ய நண்பர் உயரக் குமிழைக் கடைசி எல்லைவரை திருகியிருந்தார். அந்த எல்லையில், உட்குழாயைத் தாங்கும் வில் தன் இறுக்கத்தை இழக்கிறது. குறுக்குக் கம்பி ஓரிடத்தில் நில்லாது அலைகிறது. முதியவர் பழைய புகைப்படச் சுருளிலிருந்து ஒரு கீற்றை வெட்டிப் பின்வளையத்தின் அடியில் வைத்து, குமிழை நடுவுக்குக் கொணர்ந்தார். பின்னர் துப்பாக்கியை மணல்மூட்டையிற் கிடத்திவிட்டுக் கண்ணை மட்டும் அசைத்துப் பார்த்து, இலக்குக்கும் குறுக்குக் கம்பிக்கும் இடையே இடமாறு தோற்றம் இல்லையென உறுதிசெய்தார். அதன் பின்னர் சுட்ட ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துள் அடங்கின. இலக்குக்குச் சற்று மேலே. அப்போதுதான், “இனித் திருகு” என்றார்.

ஒலிம்பிக் வாயு ரைபிள் போட்டியிலே தொலைகாட்டிக்கு இடமில்லை, துளைக்குறியே உண்டு. ஆயினும் இவ்விதி அங்கும் பொருந்தும். 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங்கில், இந்தியாவின் அபினவ் பிந்திராவுக்கு இறுதிச் சுற்றின் முன்னரான பரீட்சார்த்தச் சூடுகள் இலக்கை விட்டு வெகுவாக விலகின. தமது குறி எவ்வாறோ மாறியிருந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்று நூலிற் குறிப்பிடுகிறார். இருந்த சில நிமிடங்களுள் அதனைத் திருத்தினார். போட்டியின் முதற் சூடு 10.7, இறுதிச் சூடு 10.8, மொத்தம் 700.5 புள்ளிகள், தங்கப் பதக்கம். தம் கை சிதறாது என்பதைப் பல்லாண்டுப் பயிற்சியால் அறிந்திருந்தமையாலேயே, தவறு கையிலன்று குறியிலேயென அவராற் பிரித்தறிய முடிந்தது என எண்ணுகிறேன்.

இப்பிரித்தறிதல் பல்கலைக்கழகத்திலும் வேண்டப்படுவதே. ஒரு பரீட்சையிற் புள்ளி குறைந்ததும் துறையையே மாற்ற எண்ணும் மாணவரையும், ஒரு கட்டுரையைக் கொண்டு ஒரு மாணவரின் தகுதியை அளந்துவிடும் ஆசிரியரையும் கண்டிருக்கிறேன். இருவரும் ஒற்றைத் துளையைப் பார்த்துக் குமிழைத் திருகுபவர்கள். மாணவர் பலரின் விடைகள் ஒரே பக்கம் பிழைப்பின் கற்பித்தலிலேயே பூச்சிய வழு இருக்கக்கூடும். அதைத் தேடவும் ஒருவருக்கு மனம் வரவேண்டும்.

வகுப்பறைக்கு வெளியே இதன் விலை மிகப் பெரிது. ஒரு சொல்லைக் கொண்டும், ஒரு நாள் எவரோடு பேசினார் என்பதைக் கொண்டும் மனிதரைத் தியாகியென்றும் துரோகியென்றும் தீர்த்துவிட்ட காலமொன்றைக் கடந்து வந்தவர்கள் நாம். அத்தீர்ப்புகளை வழங்கிய துப்பாக்கிகளுள் பல மிகத் துல்லியமாகவே குறிபார்த்திருக்கக்கூடும். தீர்ப்பின் பூச்சிய வழுவை மட்டும் எவரும் பார்க்கவில்லை. பின்னர் திருத்துவதற்கோ ஆளில்லை. காகித அட்டைக்கே ஐந்து முறை சுட்டுப் பார்த்த பின்னர்தான் முடிவுக்கு வந்தார் அந்த முதியவர். மனிதர் விடயத்தில் அதனினும் கூடுதலான பொறுமையை நம்மிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது.