சார், நான் பி.காம்.!

நான் பி.காம். வருமான வரி பேப்பரில் 72 மார்க். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், கீழே வரும் கூத்து உங்களுக்கு முழுசாகப் புரியாது.

2022 ஏப்ரலில் வேலையை விட்டு முழுநேர எழுத்துக்கு வந்தேன். பத்திரிகைப் பத்தி, விளம்பர வாசகம், கம்பெனி விழா மலர் - எது வந்தாலும் எழுதுவேன். ஆபீஸில் இருந்தவரை வரி கண்ணிலேயே படாது. அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் சம்பளத்திலேயே பிடித்துவிடும். திட்டுவதோடு நம் கடமை முடிந்தது. இப்போதும் பெரிய பார்ட்டிகள் பத்து பர்சென்ட் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். 'அரசாங்கத்துக்குப் பத்து, நமக்குத் தொண்ணூறு' என்று நிம்மதியாக இருந்தேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கென்று ஐம்பதாயிரம் சேர்த்தும் வைத்தேன்.

2023 ஜூலையில் ரிட்டர்ன் போட ஆடிட்டரிடம் போனேன்.

"அட்வான்ஸ் டாக்ஸ் கட்டினீங்களா தம்பி?"

"அதான் பத்து பர்சென்ட் பிடிச்சிட்டாங்களே சார்!"

மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அது முன்பணம் தம்பி, முழு வரி இல்லை. நீங்க இருபது பர்சென்ட் ஸ்லாபுக்கு வந்தாச்சு. வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்குள்ளே கொடுத்தவங்க ஒண்ணுமே பிடிக்கலை. பிடித்தம் போக வரி பாக்கி பத்தாயிரத்தைத் தொட்டா, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ம் தேதிக்குள்ளே நாலு தவணையா நீங்களே கட்டணும்."

கால்குலேட்டரைத் தட்டினார். பாக்கி வரி ரூ. 42,000. அட்வான்ஸ் கட்டாததற்கு மாசம் ஒரு பர்சென்ட் வீதம் நாலு மாச வட்டி 1,680. தவணை தவறியதற்குத் தனி வட்டி 2,121. ஆக மொத்தம் 45,801.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.ஏ. தமிழ் சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைக் கேட்டவள், "கட்டிடுடா. என் கண்ணு எங்கேயும் ஓடிடாது. வட்டிதான் ஓடும்" என்றாள். நான் மூணு வருஷம் படித்ததை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஆபரேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த ஆறு மாதமும் அவள் சுவரைத் தடவித் தடவி நடந்ததைப் பார்த்தேன். வட்டிக் கணக்கில் அது சேரவில்லை.

இப்போது எந்தப் பணம் வந்தாலும் நூற்றுக்கு இருபது தனி பாங்க் கணக்குக்குப் போய்விடும். அது என் பணமில்லை, கொஞ்ச நாள் என்னிடம் தங்கியிருக்கும் அரசாங்கத்தின் பணம்.

நடுவில் ஒருமுறை, செல்போன் வாங்க அதில் கை வைக்கலாமா என்று சபலம் தட்டியது. முடியவில்லை. அம்மாவுக்குத்தான் இப்போது கண் பளிச்சென்று தெரிகிறதே... மாதாமாதம் பாஸ்புக்கை அவளே வாங்கிப் பார்க்கிறாள்!