அப்பாவின் ஜீப்புக்கு டிஸ்க் பிரேக்

போன மழைக்காலம். மன்னவனூரிலிருந்து கேரட் மூட்டையோடு கிளம்பி, பூம்பாறைக்கு முன்னால் ஒரு இறக்கம். அப்பா 1980களில் வாங்கிய மகிந்திரா ஜீப்பின் பிரேக், மிதிக்க மிதிக்க உள்ளே போனது. கியரைக் குறைத்து, மேட்டோரம் ஒதுக்கி நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்க நேரமானது.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும். தண்ணீர் புகுந்தால் பிடிப்பு குறையும். இதைவிடப் பயம், எங்கள் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை உடையது. எங்கோ ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரமும் போச்சு.

கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து, உடைப்புக்கு வந்த பொலிரோவிலிருந்து முன் டிஸ்க், காலிப்பர், இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எடுத்தோம். டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது. வேக்குவம் பம்பு சேர்ந்த ஆல்டர்னேட்டரையும் தேடிப் பிடித்தோம். பேட், ரப்பர் சீல், ஹோஸ் மட்டும் புதுசு. அதில் பழசைத் தொடவே மாட்டேன் என்று மெக்கானிக் அண்ணன் பிடிவாதமாக நின்றார். அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

நேற்று அதே இறக்கத்தில் அப்பாவே ஓட்டினார். வழியெல்லாம் பேசவில்லை. வீடு வந்ததும், "பின் சக்கரத்து லைனிங்கையும் மாத்திருப்பா" என்றார்.