ஒரு லிட்டர் நீர்

மேடைப் பேச்சே மொழியின் மணிமுடி என்று எண்ணியிருந்த மாணவன் நான். அடுக்குமொழி கேட்டு அரங்கம் அதிர்ந்தால், அறிவே வென்றதெனக் களித்தேன்.

அக்காவின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமடா!" என்றார் பாட்டி. இழந்த நீரை ஈடுசெய்யாவிடின் உயிருக்கே இடர் என்று வாதாடினேன், இணங்கினார். நாவன்மை வென்றதென நான் நிமிர்ந்த நொடியில், உப்புக்கரைசல் பொட்டலம் முழுவதையும் ஒரே குவளை நீரில் கொட்டிவிட்டாள் அக்கா!

தடுத்தேன். உறையைப் படித்தேன். ஒரு லிட்டர் நீருக்குரிய மருந்து அது! 2002-இல் உலக நலவாழ்வு நிறுவனம் திருத்திய அளவுப்படி, குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், உடன் வேறிரு உப்புகள். நீர் குறைந்தால் உப்பு மிகும், மருந்தே கேடாகும்.

"எனக்கெப்படித் தெரியும், தம்பி? அதிலே தமிழே இல்லையே!" என்றாள்.

சவுக்கடியாய் விழுந்தது அச்சொல். அறிஞர் அளந்து தந்த அறிவு, அன்னை படிக்கவியலா எழுத்தில் அடைபட்டுக் கிடக்கலாமா? உள்ளத்தை இணங்கவைப்பது பேச்சு. கையை வழிநடத்துவது குறிப்பு. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் என்ன பயன்?

அன்றிரவே எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன்: "முழுப் பொட்டலம். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர். சிறிது சிறிதாகக் கொடுக்கவும். 24 மணி நேரம் கடந்தால் கொட்டிவிடவும்."

எதுகை இல்லை, மோனை இல்லை, கைதட்டலும் இல்லை. ஆனால், குழந்தை சிரிக்கிறது, தோழர்களே!